கடல் பார்க்கப் போன கேம்ப்

1994 டிசம்பர். அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பள்ளிச் சாரணர் படையிலிருந்து இருபத்தாறு பேர் கடல் பார்க்கக் கிளம்பினோம். நான் ஏழாம் வகுப்பு. நோட்டீஸ் போர்டில் ‘ராமேஸ்வரம் - மூன்று நாள் கேம்ப்’ என்று எழுதியிருந்தது. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை. என் பங்குப் பணத்துக்காக அப்பா தேங்காய் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கணியூரை மேப்பில் பார்த்தால் எங்கள் நிலைமை புரியும். உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, அமராவதிக் கரையில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடல் கிடையாது. ஆறு உண்டு, வாய்க்கால் உண்டு, கிணறு உண்டு. நீச்சல் தெரியாத பையன் ஊரிலேயே இல்லை. ஆனால் கடலைப் பார்த்த பையனை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் கிளம்பும்போது அம்மாயி கேட்டது ஒன்றுதான்: “நம்ம அமராவதித் தண்ணி அங்கதான் போகுதா கண்ணு?” அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் கடலுக்குப் போகிறது, நாங்கள் போவது ராமேஸ்வரம், அது வேறு இடம் என்றெல்லாம் விளக்கினேன். “எல்லாம் ஒரே தண்ணிதான, ஒரு பாட்டல்ல புடிச்சுட்டு வா” என்றாள்.

உடுமலையில் ராத்திரி ரயில். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக அப்போது மீட்டர்கேஜ் பாதை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ராமேஸ்வரம் என்றால் அந்தப் பாதைதான். மதுரையில் இறங்கி, வெளுப்பதற்குள் ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறினோம். ராமநாதபுரம் தாண்டியதும் பனை, மணல், உடைமரம். காற்றின் வாசனையே மாறிவிட்டது. உச்சிப்புளி கடந்து வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: மண்டபம் கேம்ப்.

“டேய், கேம்ப் வந்துருச்சுடா!”

கத்தியது யாரென்று இப்போது நினைவில்லை, நானாகக்கூட இருக்கலாம். நம் கேம்புக்கு ரயில்வேக்காரன் ஸ்டேஷனே கட்டி வைத்திருக்கிறான் என்ற சந்தோஷத்தில் எட்டுப் பேர் தட்டு, போர்வையோடு கீழே குதித்துவிட்டோம். சார் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏறுங்கடா எருமைங்களா, இது வேற கேம்ப்” என்று கத்தினார்.

பிளாட்பாரத்தில் எங்கள் வயதுப் பையன் ஒருவன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். எங்கள் காக்கி உடுப்பையும் கழுத்துத் துணியையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

“நீங்களும் காம்புக்கா வந்திருக்கிறியள்?”

“ஆமா.”

“எத்தினை நாளைக்கு?”

“மூணு நாள்.”

“மூண்டு நாள்தானா?” என்றான். சிரித்தானா என்பது தெரியவில்லை. “நாங்கள் வந்து நாலு வருசம்.”

வண்டி ஊதியது, ஓடி ஏறினேன். நாலு வருசம் கேம்ப்! கொடுத்து வைத்தவன் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு பல தடவை வெட்கப்பட்டிருக்கிறேன்.

*

அந்த ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தேடப்போனபோதுதான், கேம்ப் என்ற சொல்லுக்கு நம் கடற்கரையில் எவ்வளவு நீளமான கதை இருக்கிறது என்று தெரிந்தது.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அந்தப் பக்கம் மறுபடியும் ரயில். ஒரே டிக்கெட்டில் மெட்ராஸிலிருந்து கொழும்பு போய்விடலாம் என்பது அந்தக் காலத்துப் பெருமை. ஆனால் அந்தப் பாதையில் பெரும் எண்ணிக்கையில் போனவர்கள் பெட்டி படுக்கையோடு உல்லாசமாகப் போன துரைமார்கள் இல்லை, இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலிச் சனம். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட, எண் பொறித்த தகரவில்லை ஒன்றை ஒவ்வொருவரிடமும் கொடுத்தார்கள். அதை டின் டிக்கெட் என்பார்கள். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது தொழிலாளியின் கடனாக மாறும்.

காலராவும் அம்மையும் தோட்டத்துக்கு வந்துவிடக் கூடாது என்று, கப்பல் ஏறும் முன் அவர்களைச் சில நாள் அடைத்து வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் வைத்திருந்தார்கள். ரயில் வந்த பிறகு அந்த வேலை மண்டபத்துக்கு வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வரிசையாகக் கொட்டகைகள், ஆஸ்பத்திரி, ஊசி, கிருமிநாசினி, சோறு. வாழ்நாளில் கடலையே பார்த்திராத சேலத்துக்காரனும் திருச்சிக்காரியும் கடலை முதன்முதலில் பார்த்தது அங்கேதான் இருந்திருக்கும். கையில் தகரவில்லையோடு, ஊசி போட்ட தோள் வீங்க, எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் இலங்கை என்று தெரியாமல் நின்று பார்த்திருப்பார்கள்.

1939-ல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலிகள் போவதைத் தடை செய்தது. முகாம் அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும் என்று இரண்டு நாடுகளும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தது அரசு. அவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன்பு கண்ணால் கண்டதே இல்லை. பிறகு 1983. இந்தத் தடவை படகில் வந்தார்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. 1990-ல் மறுபடியும் போர் மூண்டபோது இன்னொரு பெருங்கூட்டம். வேப்பமரத்தடியில் நான் பார்த்த பையன் அந்தக் கூட்டத்தில் வந்தவன். நாலு வருசம் என்று அவன் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

2021-ல் தமிழ்நாடு அரசு, இனி இவற்றை அகதிகள் முகாம் என்று சொல்லக் கூடாது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அறிவித்தது. நல்ல விஷயம். ஆனாலும் ‘முகாம்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது.

*

எங்கள் கேம்புக்கு வருகிறேன்.

ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆகிவிட்டது. எங்கள் அமராவதியில் ஆடி மாசம் வருகிற வெள்ளத்துக்கு இருக்கிற வேகம்கூட இந்தக் கடலுக்கு இல்லை. சுற்றிலும் பெரியவர்கள் யாரும் விளையாடவில்லை. திதி கொடுத்தார்கள், முங்கினார்கள், ஈரத்துணியோடு கோவிலுக்கு நடந்தார்கள்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடற்கரைக்குச் சும்மா போய் உட்கார்வது, மணலில் ஓடுவது, அலையில் ஆடுவது எல்லாம் நம்மைப் போன்ற உள்நாட்டுக்காரர்களுக்குப் புதுப் பழக்கம். கடல் என்றால் ஆடி அமாவாசை, தர்ப்பணம், தீர்த்தம். மீனவருக்கு அது வேலைத்தலம். மெட்ராஸில் மெரினாவை உலாவுகிற இடமாக மாற்றி அந்தப் பெயரையும் வைத்தது 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்.

மறுநாள் கோதண்டராமர் கோவில் வரை கூட்டிப்போனார் சார். அங்கே காற்று ஆளைத் தள்ளியது. அந்தப் பக்கம் அலை நிஜமான அலை. கை கோத்துக்கொண்டு இருபத்தாறு பேரும் இடுப்பளவு நீரில் இறங்கினோம். ஒவ்வொருவருக்கும் சார் ஒரு நம்பர் கொடுத்திருந்தார், விசில் அடித்ததும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நான் பதினேழு. ஓர் அலை வந்து எங்களைச் சுருட்டிப் போட்டது. மூக்கில், வாயில், காதில் உப்பு. எழுந்து “பதினேழு!” என்று கத்தியதும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்திருக்கிறேனா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஈரம் காயக் கோவில் படியில் உட்கார்ந்திருந்தபோது சார் தூரத்தைக் காட்டினார். “அந்தப் பக்கம்தான் தனுஷ்கோடி. சரியா முப்பது வருசத்துக்கு முன்னாடி, முந்தாநாள் ராத்திரி, ஒரு ரயிலு இந்த வழியா போச்சு.” 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர், ஊரை நெருங்கும் நேரத்தில் புயலலையில் அடித்துப் போகப்பட்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே போயிற்று. ஸ்டேஷன், தபாலாபீஸ், தேவாலயம் எல்லாம் இடிபாடாயின. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. திரும்பி வர வேண்டியவர்களின் துறைமுகத்தையே கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. 1980-களில் போர் தொடங்கியதும் அதுவும் நின்றது.

சார் சொல்லி முடித்ததும் யாரும் மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. அம்மாயிக்கு பாட்டிலில் தண்ணீர் பிடிக்க நான் மட்டும் கணுக்கால்வரை போனேன்.

*

‘ஹாலிடே கேம்ப்’ என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்று காலேஜ் படிக்கும்போது ஒரு பழைய இங்கிலீஷ் நாவலில்தான் தெரிந்துகொண்டேன். அதன் கதை எங்கள் திருப்பூர்க் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் லங்காஷைர் என்பது பருத்தி மில்களின் நாடு. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த மான்செஸ்டர் இருக்கிற பக்கம். அங்கே ‘வேக்ஸ் வாரம்’ என்று ஒரு பழக்கம். ஊர்த் திருவிழாவாக இருந்தது, மில்கள் வந்த பிறகு ஊருக்கு ஊர் ஒரு வாரம் எல்லா மில்லையும் சாத்திவிட்டு பாய்லரைச் சுத்தம் செய்கிற வாரமாக மாறியது. 1846-ல் பிளாக்பூல் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு ரயில் வந்தது. அதன் பிறகு மில் சாத்தினால் ஊரே கடலுக்குப் போயிற்று. அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. வருசம் பூராவும் வாரச்சீட்டு மாதிரிக் காசு சேர்த்து, அந்தக் காசை ஒரே வாரத்தில் கடற்கரையில் செலவழித்துவிட்டு, வெறுங்கையோடு தறிக்குத் திரும்பினார்கள்.

1936-ல் ஸ்கெக்னஸ் என்ற கடற்கரையில் பில்லி பட்லின் என்பவர் தன் முதல் ஹாலிடே கேம்பைத் திறந்தார். ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை என்பது விளம்பரம். வரிசையாகக் குட்டி வீடுகள், மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல்குளம், ஆட்டம் பாட்டம். இரண்டு வருசத்தில், 1938-ல், சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு அங்கே சட்டம் வந்தது. அடுத்த வருசமே போர் தொடங்கியதும் ஸ்கெக்னஸ் கேம்பைக் கடற்படை எடுத்துக்கொண்டது. டெவன் பக்கம் சீட்டன் என்ற ஊரிலிருந்த இன்னொரு ஹாலிடே கேம்பில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மன்காரர்களையும் ஆஸ்திரியர்களையும் பிடித்து அடைத்தார்கள். வரிசை வீடு, பொதுச் சாப்பாட்டுக்கூடம், சுற்றிலும் வேலி, ஒரே கேட்டு. விடுமுறைக்குக் கட்டிய இடத்தைச் சிறையாக்கப் பெரிய வேலை ஒன்றும் தேவைப்படவில்லை.

திருப்பூருக்கும் ஒரு வேக்ஸ் வாரம் உண்டு. தீபாவளி. போனஸ் போட்டதும் பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் சாத்திவிடும். புது பஸ் ஸ்டாண்டிலும் பழைய பஸ் ஸ்டாண்டிலும் அந்த ராத்திரிகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் கடலுக்குப் போவதில்லை. தேனிக்கு, திண்டுக்கல்லுக்கு, மதுரைக்கு, திருநெல்வேலிக்கு, தஞ்சாவூருக்குப் போகிறார்கள். லங்காஷைர்காரன் மில் சாத்தினால் கடலுக்குப் போனான், ஏனென்றால் அவன் வீடு மில்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நம் ஆளுக்கு லீவு விட்டால் முதலில் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. போய் வருவதற்கே லீவும் போனஸும் தீர்ந்துவிடுகின்றன.

*

எங்கள் பக்கத்தில் ‘கேம்ப்’ என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. நான் ராமேஸ்வரம் போய்வந்த ஐந்து வருசத்தில் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

பெரியம்மா மகள் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். பதினேழு வயது. “அக்கா எங்க?” என்றால் “கேம்ப்ல இருக்கா” என்றார்கள். மில் காம்பவுண்டுக்குள்ளேயே ஹாஸ்டல். மூன்று வருசம் முழுசாக வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக முப்பதாயிரம், நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்தத் தொகை கிடைக்காது என்பது பேச்சு. கல்யாணத்துக்கு ஆகும் என்று பெரியப்பா கையெழுத்துப் போட்டார். சுமங்கலித் திட்டம், திருமணத் திட்டம் என்று மில்லுக்கு மில் ஒரு பெயர். அந்த ஏற்பாட்டுக்கு வெளியே வழங்கிய பெயர் கேம்ப் கூலி. வாரத்தில் ஒருநாள் வார்டனோடு வெளியே போய் சோப்பு, சீப்பு வாங்கிக்கொள்ளலாம். அப்பா அம்மா மாசத்தில் ஒருதரம் வந்து பார்க்கலாம், அதுவும் கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில்.

அந்த மில்காரர்கள் வருசத்துக்கு ஒருதடவை டூர் கூட்டிப்போனார்கள். அக்கா திருச்செந்தூர் போனாள். முதல் தடவை கடல். அதைப் பற்றி அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“நைட் ஷிப்டு முடிச்சு அப்படியே பஸ்ஸுல ஏத்துனாங்க தம்பி. சாமி கும்பிட்டுட்டுக் கடக்கரைக்குப் போனம். ஒரு மணி நேரம்னாங்க. வார்டனம்மா விசிலு வெச்சுட்டு நின்னுச்சு. முட்டிக்கு மேல எறங்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. நான் இன்னொரு துணி எடுத்துட்டுப் போகல, கால மட்டும் நனைச்சேன். திரும்பி வர்றப்ப எல்லாரும் தூங்கிட்டோம். காலைல சைடர் வேலைக்கு நின்னப்ப கால்வெரல் சந்துல மணல் இருந்துச்சு. அதப் பாத்து அழுகாச்சி வந்துருச்சு.”

விசில், நம்பர், வரிசை எல்லாம் எங்கள் சாரணர் கேம்பிலும் இருந்தன. அன்றைக்கு என் தலை எண்ணப்பட்டது நான் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் தலையை எண்ணியதும் அதற்காகத்தான் என்றும் சொல்லலாம். ஆனால் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு என்பதில் வித்தியாசம் இருக்கிறது. இரண்டரை வருசத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது, பெரியப்பா கூட்டிவந்துவிட்டார். முப்பதாயிரம் வரவில்லை.

இந்த மாதிரி ஏற்பாடுகளைப் பற்றி வெளிநாட்டு ஆய்வு அமைப்புகள் 2011 வாக்கில் அறிக்கை எழுதிய பிறகு, அந்த நூலில் தைத்த சட்டையை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் கேள்வி கேட்டன. 2014-ல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. மூன்று வருச ஒப்பந்தம் இப்போது குறைந்திருக்கிறது. ஹாஸ்டல்கள் குறையவில்லை. உள்ளே இருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள்.

*

பழைய சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் வருசத் தொழிற்சாலைகள் சட்டம், 79-ஆம் பிரிவு. ஒரு வருசத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். அதாவது குறைந்தது 12 நாள். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் திருப்பூரில் தைக்கிற ஒவ்வொருவரும் வருசத்தில் ஒருதரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய், நாலு நாள் தங்கி, சம்பளத்தோடு திரும்பி வரலாம். ஆனால் இங்கே பாதிப் பேருக்கு மேல் காண்ட்ராக்டரிடம், பீஸ் ரேட்டில், சனிக்கிழமைச் சம்பளத்தில் இருப்பவர்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை நாள் என்று எழுதிய கணக்கே இருக்காது. பீஸ் ரேட்காரனுக்கு லீவு என்றால் தைக்காத பீஸ், அவ்வளவுதான்.

அக்கா இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். கல்யாணம் ஆயிற்று, பையன் டிப்ளமோ படிக்கிறான். பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த வீடியோவை அவள்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கப்பல் போகும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. பார்த்துவிட்டுப் போன் பண்ணினேன்.

“போலாமாக்கா? தனுஷ்கோடிக்கு இப்ப அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுட்டாங்க. எங்க வூட்டுக்காரங்களும் வர்றாங்க, நீயும் மாமாவும் பையனும் வாங்க.”

“எத்தன நாளு?”

“மூணு நாள்.”

“மூணு நாளா?” என்றாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது: மூன்று ஷிப்ட், ஒண்ணரை ஷிப்டாகப் பார்த்தால் இன்னும் கூட, மாமாவுக்கும் சேர்த்து, பஸ் செலவு தனி.

“ஷிப்மென்ட் இருக்குது தம்பி. ஒரு நாள்னா சொல்லு, ஞாயித்துக்கெழம. காலைல போயிட்டு ராத்திரி வந்தர்ற மாதிரி.”

முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் கடற்கரையில் நிற்க ஒரு மணி நேரம் கிடைக்கும். அதைச் சொன்னேன்.

“ஒரு மணி நேரம் போதும்,” என்றாள். “இந்தத் தடவ இன்னொரு துணி எடுத்துக்கறேன்.”